பச்சைத்தண்ணிக்கு ஓர் அறை

என் அக்காவுக்கு நாற்பத்து நான்காவது வயதில் கல்லூரி ஆசை வந்தது. ஆசை என்று நான்தான் சொல்கிறேன். அவளைக் கேட்டால், "ஆசை இல்லடி, சந்தேகம்" என்பாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். எந்தக் கறை எதில் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மருந்துக்கறைக்கு ஒன்று, மஞ்சள் கறைக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று. ரத்தக்கறைக்கு மட்டும் பச்சைத்தண்ணி. சுடுதண்ணி பட்டதோ, கறை துணியோடு ஒட்டிக்கொண்டு போகவே போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அறுவை அறையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்த கையோடு சுடுதண்ணிக் குழாயைத் திறப்பார்கள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்கா கத்துவாள்: "பச்சைத்தண்ணி! ஏய், பச்சைத்தண்ணி!" அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. டாக்டர்கள்கூட, "பச்சைத்தண்ணி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அக்கா பச்சைத்தண்ணி, தங்கச்சி கொதிதண்ணி" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதுவும் அவருக்கே சாதகமாகப் போய்விட்டது.

சந்தேகம் என்று சொன்னேனே, அது இதுதான். சுடுதண்ணி பட்டால் ரத்தக்கறை ஏன் பிடித்துக்கொள்கிறது? சலவைக்கூட மேலாளரைக் கேட்டாள். "பச்சைத்தண்ணில போகுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். அந்த "அப்புறம் என்ன" அவளை விடவே இல்லை. பதினாறு வயதில் நிறுத்திய பள்ளிப் படிப்பைத் தபால் வழியாக எழுதி முடித்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. சேர்ந்தால் சலவைக்கூட வேலையை விட்டுவிடுவது என்று முடிவு.

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை வீடே அவளைக் கொண்டாடியது. நானும் சிரித்தேன். ஆனால் மனசார இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக அக்கா எங்களோடுதான் இருந்தாள். என் இரண்டு வாண்டுகளுக்கும் தலை பின்னுவது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, சாயங்காலச் சமையல், எல்லாம் பெரியம்மாதான். நான் கடையிலிருந்து களைத்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் கையில் தேநீர் வரும். அவள் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுப்பாள். புத்தகமெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பையில். அவளுக்கென்று ஒரு கதவு அந்த வீட்டில் இல்லை. ஆறு வருஷத்தில் எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தன. விடுதி இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். ஆய்வக வகுப்பு காலை எட்டு மணிக்கு என்பதால் வெளியே தங்குகிறவர்கள் ஆறு கிலோமீட்டருக்குள் இடம் பார்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் விலாசம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். எங்கள் வீடு அடுத்த ஊரில், இரண்டு பஸ் மாறவேண்டும். தலைகீழாக நின்றாலும் எட்டு மணிக்குப் போய்ச்சேர முடியாது.

"நீயும் கூட வாடி. உனக்குத்தான் பேச வரும்" என்றாள் அக்கா. இருவரும் லீவு போட்டுவிட்டுப் புதன்கிழமை காலையிலேயே கிளம்பினோம்.

முதலில் போனது முன்வாசல் பக்கம். பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலுக்கு எதிரே நாலைந்து தெருக்கள். ஜெராக்ஸ் கடை, சாப்பாட்டுக் கடை, மறுபடியும் ஜெராக்ஸ் கடை. வீட்டுக்கு வீடு "மாணவிகளுக்கு மட்டும்" என்று அட்டை தொங்கியது. வகுப்புக்கு ஐந்து நிமிஷ நடை. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தபடியே வந்து சைக்கிள்காரன் ஒருவனிடம் திட்டு வாங்கினாள்.

"மேல என்னக்கா பாக்குற?"

"கொடியைத்தான்டி. காயுற துணியைப் பார்த்தா தெரு எப்படின்னு தெரிஞ்சிடும்."

சரிதான், சலவைக்கூடம் கூடவே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வீட்டு மணியை அடித்தேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு வீட்டுக்காரம்மா வந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அக்காவின் நரைத்த முன்முடியைப் பார்த்து அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு எந்த வருஷம்?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா ஒரு கணம் திணறினாள். பிறகு, "முதல் வருஷம்" என்றாள்.

"என்ன படிப்பு?"

"கெமிஸ்ட்ரி."

"நல்ல மார்க்கா?"

"எழுபத்தெட்டு பர்சன்ட்."

"பசங்களோட ஊர் சுத்துறது, போன்ல பேசிக்கிட்டே நிக்கிறது, அதெல்லாம்?"

"அய்யய்யோ! கிடையவே கிடையாது."

"சமைக்கத் தெரியுமா? என் அடுப்பைக் கரியாக்கிடக் கூடாது, சொல்லிட்டேன்."

"நல்லாவே. பதினாறு வயசுலேர்ந்து."

"அட! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று அந்த அம்மா பூரித்துப்போனார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நம் பேச்சில் வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "படிப்பேன்" என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். "படிப்பா" என்றால் பொய். இவளோ இரண்டிலும் மாட்டாமல், ஆள் தெரியும் வினைச்சொல்லே இல்லாமல் அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பச்சைத்தண்ணி இத்தனை கில்லாடி என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"ரொம்ப சந்தோஷம். பொண்ணை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார் அந்த அம்மா.

இதற்குப் பொய் இல்லாமல் பதில் கிடையாது. அக்கா மென்று முழுங்கினாள். நான் பட்டென்று போட்டு உடைத்தேன். "கூட்டிட்டுத்தான் வந்திருக்கோம். இதுதான் பொண்ணு."

அந்த அம்மா சிரித்தார். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் பொண்ணுங்க இருக்கிற இடம். உங்களைப் பார்த்தா அதுங்களுக்கும் கூச்சமா இருக்கும். ஆமா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தாள். பிறகு, "ஏன்டி சொன்ன?" என்று கேட்டாள்.

"பின்ன? எத்தனை நாளைக்கு மூடி மறைப்ப? நான்தான் படிக்கப்போறேன்னு சொல்லவேண்டியதுதானே. திருடினியா, கொள்ளையடிச்சியா?"

"வாய் வரலைடி. 'நான் படிக்கப்போறேன்'னு சொல்லிப் பார்த்தா எனக்கே சிரிப்பு வருது. அந்தம்மா சிரிச்சதுல என்ன தப்பு?"

கோபத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டதாக நான் அன்று சாதித்தேன். பாதிதான் கோபம். மீதிப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும். இந்த வீடு தட்டிப்போனால் அக்கா என்னோடு இருப்பாள் என்று ஒரு மனசு உள்ளே கணக்குப் போட்டது. கூடப்பிறந்தவளுக்கே குழி பறித்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு கதவு தட்டினோம். "குடும்பத்துக்குத்தான் விடுவோம்" என்றது ஒரு வீடு. "ஸ்டூடண்ட்ஸுக்குத்தான்" என்றது அடுத்த வீடு. அக்கா இரண்டிலும் சேரவில்லை.

மத்தியானம் ரயில் பாதையைத் தாண்டிப் போனோம். அங்கே வாடகை குறைவு, அறைகள் பெரியவை. ஒரு வீட்டுக்காரர் வயதும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, "இன்னிக்கே வந்துக்கோங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. ஆனால் அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எதிர்வரிசை ஜன்னல்களைப் பார்த்தாள். உச்சிவெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் மாடிக் கொடிகளில் சட்டையும் கால்சட்டையும்தான் தொங்கின. பெண்கள் துணி எல்லாம் ஜன்னலுக்கு உள்ளே, இருட்டில் காய்ந்தது.

"வெயில் இருந்தும் துணி உள்ள காயுது பாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்ணிடம் போனாள். "வெளியில காயப்போட மாட்டீங்களாம்மா?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "போட்டா காணாமப் போயிடும்க்கா. அதுவும் எங்க உள்துணிங்க மட்டும். சொன்னா யாரு கேக்குறா?"

அக்கா திரும்பிவந்து சாவியைக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "கிடைக்கலைன்னா பரவால்லடி. குட்டிங்க இருக்குதுங்க. சின்னதுக்கு இன்னும் வகுத்தல் சரியா வரல."

குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய சாதாரணக் குரல்தான். நான் இரண்டு நாளாக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். கையில் வந்து விழுந்ததும் சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷத்தைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. பழைய ஞாபகம் ஒன்றும் கூடவே வந்தது.

அம்மா போனபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்கா பள்ளியை விட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனாள். என் மதிப்பெண் அட்டையில் "பெற்றோர் / பாதுகாவலர்" என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அக்கா கையெழுத்துச் செல்லாது, பெரியவர்கள் யாராவது வரவேண்டும் என்று டீச்சர் அட்டையைத் திருப்பியனுப்பிவிட்டார். மறுநாள் அக்கா வேலைக்கு நடுவே ஓடிவந்தாள். நீலச் சீருடை, முழங்கை வரை ஈரம், வகுப்பு முழுக்கச் சோப்பு வாசனை. "பெரியவங்க யாரும் இல்ல டீச்சர். இவளுக்கு நான்தான்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி கிளம்பினோம். அன்று கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். பின்வாசல் பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். இருந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம் என்று அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். விளையாட்டு மைதானத்து மதில் முடிந்து மேட்டில் தெரு ஏறும் இடத்தில் அக்கா துள்ளி எழுந்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நான் பையை அள்ளிக்கொண்டு பின்னாலேயே இறங்கி ஓடினேன். அவள் ஒரு மாடி வீட்டுக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் இரண்டு நர்ஸ் உடுப்பு, பளீர் வெள்ளை. பக்கத்தில் பட்டவர்த்தனமாக, வரிசையாக, கிளிப் மாட்டிப் பெண்களின் உள்ளாடைகள் காற்றில் ஆடின. மேலே ஒரு துண்டுகூடப் போட்டு மூடவில்லை.

"ஏன்க்கா, ஊர்ல எல்லாரும் வாசலைப் பார்த்து வீடு பார்ப்பாங்க. ஜட்டியைப் பார்த்து வீடு பார்க்கிறவ நீ ஒருத்திதான்."

"சும்மா இருடி. மறைக்கல பாரு. இந்தத் தெருவுல அதுங்களுக்குப் பயம் இல்ல" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. நீலக் கேட்டில் சின்னதாக, "அறை வாடகைக்கு" என்று எழுதியிருந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அக்கா, தங்கச்சி என்று எங்களைச் சொல்லிக்கொண்டோம். நாற்காலியிலும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாடியில் இரண்டு நர்ஸுகள், அவர்களுக்கு எதிரே அந்தக் காலி அறை. சின்ன அறைதான். ஒரு கட்டில், ஒரு மேசை, கிழக்கே பார்த்த ஜன்னல். வகுப்புக்கு இருபத்தைந்து நிமிஷம் நடக்கவேண்டும். அக்கா மேசையை அழுத்தி ஆட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். நான் வெளியே நின்றிருந்தேன். அந்தச் சத்தம் மூன்று தடவை கேட்டது.

கீழே வந்ததும், "ரூம் யாருக்கு?" என்று டிரைவர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான். நான் படிக்கப்போறேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "என்ன படிப்பு?"

"கெமிஸ்ட்ரி."

"நல்லது" என்றவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "வேலை பாக்குறவங்கன்னா ஆபீஸ் லெட்டர் போதும். ஸ்டூடண்ட்னா கார்டியன் கையெழுத்து வேணும். அது இல்லாம நான் விடுறதில்ல."

"ஐயா, எனக்கு நாப்பத்தி நாலு வயசு."

"இருக்கட்டும்மா. ரூல்ல வயசு போடல. ஸ்டூடண்ட்னுதான் போட்டிருக்கு. முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஸ்டாப்பிங்கைக்கூட நான் தாண்டிப் போனதில்ல. உங்க பக்கத்துல பெரியவங்க யாராச்சும் வந்து போட்டாப் போதும்."

"பெரியவங்க யாரும் இல்லைங்க" என்றாள் அக்கா.

அத்தோடு நிறுத்திவிட்டாள். நிறுத்தத்தானே வேண்டும், அவளுக்கு அதற்குமேல் யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு மிச்சம் உண்டு. அதை நான் எட்டு வயதில் வகுப்பு முழுவதும் பார்த்திருக்கக் கேட்டவள். டிரைவர், "அப்பக் கஷ்டம்மா" என்று படிவத்தை மடிக்கத் தொடங்கினார். நான் சும்மா இருந்தால் போதும். இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போய்விடலாம். சாயங்காலம் தேநீர் வரும்.

"இவளுக்கு நான்தான்" என்றேன்.

குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. டிரைவர் நிமிர்ந்தார். "நீங்க தங்கச்சின்னுதானே சொன்னீங்க? சின்னவங்களாச்சே."

"சின்னவதான். அதுக்கென்ன? கார்டியனுக்கு வயசு போட்டிருக்கா உங்க ரூல்ல?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிஜமாகவே படித்தார். "இல்ல" என்றார்.

"அப்புறம் என்ன? பேனாவைக் குடுங்க."

மாணவி பெயர் எழுதினேன். பாதுகாவலர் பெயர் எழுதினேன். உறவு முறை என்ற இடத்தில் "தங்கை" என்று எழுதினேன். கையெழுத்துக் கோணிக்கொண்டது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, மூச்சுக் காட்டாமல், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண் அட்டையை நீட்டிவிட்டு நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

"பொண்ணு ஒன்பது மணிக்கு மேல வந்தா உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்" என்றார் டிரைவர்.

"கட்டாயம் பண்ணுங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அக்கா போன பிறகு வீட்டில் வகுத்தல் கணக்கு இன்னும் தகராறுதான். தேநீரை நானேதான் போட்டுக்கொள்கிறேன், சகிக்கவில்லை. மடக்குக் கட்டிலை எடுத்து உள்ளே வைக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலைநேரம் டிரைவர் நிஜமாகவே கூப்பிட்டார். "ரூல்னு ஒண்ணு இருக்கு, அதான் சொல்றேன். உங்க ஸ்டூடண்ட் நேத்து ஒன்பதே காலுக்குத்தான் வந்தாங்க. முந்தாநாளும் அப்படித்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். என்ன வார்த்தை வருகிறது என்று யோசிக்கவே இல்லை. "ஏய், எங்கடி போன? ரெண்டு நாளா ஒன்பது மணிக்கு மேல வர்றியாம். அவர் எனக்கு போன் பண்றாரு. அத்தனை நேரம் என்னடி பண்ணிக்கிட்டிருந்த?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவளை நான் "டி" போட்டதே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அக்கா, மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில், "லைப்ரரில இருந்தேன். படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.